சரோ அக்காவை உட்கார வைக்காதீர்கள்

இன்று காலை ஒரு லோரி டிரைவரைத் திட்டிவிட்டேன். அவர் செய்த தப்பு, உதவி.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் டெக்னீஷியன். அங்கே லோரி எடை போடும் அறையில் சரோ அக்கா இருக்கிறார்.

செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரியை எடை பார்த்து, சிலிப் அடித்து, டிரைவரிடம் நீட்ட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் வரிசை முடிகிறவரை எழ வழியில்லை.

போன மாதம் அவருக்குக் கால் வீங்கிவிட்டது. செருப்பு நுழையவில்லை.

டாக்டர் நேராகவே சொல்லியிருக்கிறார். "இப்படியே உட்கார்ந்திருந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அது நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அடிக்கடி எழுந்து நடங்க."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பிரிண்டரைத் தூக்கிக் கதவோரம் வைத்து, நீளமாக ஒரு கேபிள் போட்டுவிட்டேன். இனி ஒவ்வொரு சிலிப்புக்கும் எழுந்துதான் ஆக வேண்டும்.

"டேய், பிரிண்டர எவன்டா அங்க தூக்கி வெச்சான்?"

"நான்தான். நடங்க."

"ஒனக்குக் கல்யாணம் ஆவட்டும். ஒம் பொண்டாட்டிய இப்படி நடக்க வுடு, பாக்குறேன்."

(முதலில் பெண் கிடைக்கட்டும் அக்கா.)

வீக்கம் கொஞ்சம் இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது.

கேபிள் சரி, பிரிண்டர் சரி. கோளாறு எங்கே என்று இன்று காலை அங்கேயே நின்று பார்த்தேன்.

கோளாறு ஆட்களிடம்.

அக்காவுக்குக் கால் முடியவில்லை என்று லோரிக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவரும் இறங்கி வந்து சிலிப்பைத் தாங்களே கிழித்துக்கொள்கிறார்கள். ஒருவர் டீ வாங்கி மேசையில் வைக்கிறார். இன்னொருவர் வீட்டிலிருந்து மெத்தை கொண்டு வந்து நாற்காலியில் போட்டிருக்கிறார். (மெத்தை!)

அடுத்த லோரியிலிருந்து குமார் அண்ணன் இறங்கி வந்தார். அக்கா எழப் போனார்.

"ஒக்காரு லா சரோ. காலு முடியாதவ எதுக்கு எந்திரிக்கிற? நான் எடுத்துக்குறேன்."

அக்கா உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, சிலிப்ப விடுங்க. அவங்களே எடுத்துத் தருவாங்க" என்றேன்.

"நெஞ்சுல ஈரமே இல்லையா தம்பி ஒனக்கு? பாவம் லா."

"நீங்க பாவம் பாத்துப் பாத்துதான் அந்தக் கால் வீங்குது. ஒக்காந்தே இருந்தா ரத்தம் கட்டி ஆளே போயிடும்னு டாக்டர் சொல்லிருக்காரு. நீங்க மெத்தை போடுங்க, நல்லா போடுங்க."

(குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.)

குமார் அண்ணன் அக்காவைப் பார்த்தார். "அப்படியா சொன்னாரு?"

"ஆமாண்ணே."

"அத ஏன் எங்ககிட்ட சொல்லல நீ?"

"எல்லாரும் அன்பா செய்யிறீங்க. வேணாம்னா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்."

யோசித்துப் பாருங்கள். உயிர் போகும் என்று தெரிந்தும், நாலு பேர் மனம் கோணக்கூடாதென்று உட்கார்ந்திருக்கிறார்.

குமார் அண்ணன் பிரிண்டரை விட்டு நகர்ந்தார். வெளியே போய் ஜன்னலோரம் நின்றார். அக்கா எழுந்து நடந்து போய் சிலிப்பை எடுத்துக் கொடுத்தார்.

பின்னால் நின்ற லோரி ஹாரன் அடித்தது.

"இரு லா! தங்கச்சி நடக்குது!" என்று குமார் அண்ணன் கத்தியது ஆலை முழுக்கக் கேட்டிருக்கும்.

உங்கள் ஆபிசில் யாருக்காவது கால் வலி, முதுகு வலி என்றால் முதலில் என்ன செய்வீர்கள்? நாற்காலியை இழுத்துப் போடுவீர்கள்தானே?

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.