நகர்ந்துபோகும் பெட்டி

வட்டக்கச்சியில் நான் இருந்த வீட்டின் தரையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சிவப்புச் சீமெந்துத் தரை. வீட்டுக்காரர் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று வீட்டுப் பூட்டின் திறப்பை என் கையில் தந்து, கூரை ஒழுகினாலும் பரவாயில்லை, தரையில் மட்டும் ஒரு கீறல் விழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி மினுக்கி வைத்திருந்தார்கள். கழுவிய தண்ணீர் தானாக ஓடட்டும் என்று பின்வாசல் பக்கம் கொஞ்சம் சரிவும் விட்டிருந்தார்கள். அதில் பூனைகூட யோசித்துத்தான் கால் வைக்கும்.

அந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். நாங்கள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். மகளின் படிப்புக்காக மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு புளியங்குளம் தாண்டி வவுனியாவுக்குப் போனாள். பின்னாலேயே நானும் போவதாக இருந்தது. அதற்குள் சண்டை மூண்டு பாதையை மூடிவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வேலை எனக்கு. பகல் முழுவதும் சனத்தோடு வாய் கொடுத்தே பொழுது போய்விடும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் பேச ஓர் ஆள் கிடையாது. கடற்கரையில் வளர்ந்தவனுக்குக் காதின் அடியில் எப்போதும் ஓர் இரைச்சல் இருந்துகொண்டிருக்க வேண்டும். அது அந்த வீட்டில் இல்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பயமாக இருந்தது.

அதற்காகத்தான் பெட்டி செய்தேன். கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டித் திரிந்த ஒருவர் தன்னிடம் கிடந்த பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் தந்தார். இடம்பெயரும்போது சட்டிபானை கொண்டுவந்த தேயிலைப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. மெல்லிய பலகை, விளிம்பெல்லாம் தகரம் அடித்தது. அதில் வட்டமாக ஓட்டை வெட்டி ஸ்பீக்கரைப் பொருத்தினேன். றேடியோவின் சொந்தச் சத்தம் தகரப்பேணிக்குள் கதைப்பது போல இருக்கும். பெட்டியைத் தொடுத்ததும் அடியிலிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. நான் தேடியது அதைத்தான்.

பற்றரி கண்ணால் காணக் கிடைக்காத காலம். எல்லாரையும் போல நானும் சைக்கிள் டைனமோவில்தான் றேடியோ கேட்டேன். செயின் எண்ணெய் தரையில் பட்டுவிடும் என்பதால் சைக்கிளை விறாந்தையில் ஸ்ராண்டில் நிறுத்தி, குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றுவேன். றேடியோ ஜன்னல் கட்டின் மேல் இருக்கும். அங்கிருந்து பெட்டிக்கு ஒரு முழ வயர். அதற்கு மேல் வயர் கிடைக்கவில்லை. பெட்டியையும் விறாந்தைக்குக் கொண்டுவந்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். வெளியில் வைத்தால் அந்த முழக்கம் காற்றோடு போய்விடும். அறைக்குள் நாலு சுவர் இருக்க வேண்டும்.

பாட்டில் தபேலா தொடங்கியதும் பெட்டி நடக்கத் தொடங்கும். கீறல் விழாமல் தட்டி மழுக்கிய தகர விளிம்பு, மினுக்கிய தரை, பின்வாசல் சரிவு, கேட்கவா வேண்டும். மெல்ல மெல்ல நகர்ந்து போய் வயரைக் கழற்றிவிடும். நான் பெடலை விட்டுவிட்டு உள்ளே ஓடிப் பெட்டியை இழுத்து வைத்து வயரைக் கொழுவிவிட்டு வருவதற்குள் செய்தியில் முக்கியமான இடம் போய்விடும். பெட்டிக்கு மேல் கல் வைத்தேன். கல் தாளம் போட்டது. மண் மூட்டை வைத்தேன். பாடகருக்குச் சளி பிடித்துவிட்டது. அடியில் ஈரச் சாக்கை விரித்தேன். தரையில் சாக்குக் கறை ஏறி, அதைத் தேய்த்துக் கழுவுவதில் என் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

வாய்க்கால் கரையில் ஒரு குடிசை இருந்தது. அங்கே என் வயதுக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். மலையகத்தில் பிறந்தவர், கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர், வயல் கூலி. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வலது தோள் சரியில்லாததால் பாரமான வேலைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. பின்னேரங்களில் என் வேலிக்கு வெளியே நின்று செய்தி கேட்பார். வாங்கோ என்றால் முற்றம் வரை வருவார், அதற்கு மேல் வரமாட்டார்.

ஒருநாள் செய்திக்கு நடுவில் வயர் கழன்றது. நான் பெட்டியைத் திட்டிக்கொண்டு எழும்புவதற்குள் அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பெட்டியை இழுத்து வைத்து, வயரைக் கொழுவி, தரையில் இருந்துகொண்டு, முதுகைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டார். அன்று முழுச் செய்தியும் கேட்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தார். வீட்டுக்குப் பொறுப்பானவன் வெளியே குந்தியிருந்து பெடல் சுற்ற, கூலிக்காரர் உள்ளே சாய்ந்திருந்து பாட்டுக் கேட்பார். எனக்கே சிரிப்பு வரும். அவருடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குத் தகரம் அடித்தவராம். விளிம்பைத் தடவிப் பார்த்து, இது யாரோ அவசரத்தில் அடித்த ஆணி என்று குறை சொல்வார். செய்தி முடிந்ததும் நான் தேத்தண்ணி போடுவேன். பெட்டியில் சாய்ந்தபடியே குடிப்பார். பாதை எப்போது திறக்கும் என்று இருவரும் ஆளுக்கொரு பொய் சொல்லிக்கொள்வோம். அந்த நாட்களில் கடை பூட்டும் நேரத்துக்காக நான் காத்திருந்தேன்.

என் கை சும்மா இருக்காதே. ஓர் ஆள் தினமும் முதுகைக் கொடுத்துப் பெட்டியைப் பிடிப்பது எனக்கு ஒரு குறையாகப் பட்டது. பாவம், தோள் நோவோடு இருக்கிறார், அவரைக் கதிரையில் இருத்த வேண்டும் என்று நினைத்தேன். தேய்ந்த றப்பர் செருப்பு ஒன்றை நாலு துண்டாக வெட்டினேன். சைக்கிள் கடையில் கெஞ்சி வாங்கிய சொலூசனால் பெட்டியின் நாலு மூலையிலும் ஒட்டினேன். காலால் தள்ளிப் பார்த்தேன். பெட்டி அசையவே இல்லை. அன்று அவர் வந்ததும் பெரிய கைதேர்ந்த விண்ணன் மாதிரிக் காட்டினேன்.

அவர் உள்ளங்கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, நன்றாக நிற்கிறது என்றார். கதிரையைக் காட்டினேன். இருக்கட்டுங்க என்றார். நான் விறாந்தையில் பெடல் சுற்றிக்கொண்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து படியில் இருந்தார். அடுத்த நாள் முற்றத்தில் நின்றார். அதற்கு அடுத்த நாள் வரவில்லை.

காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு வயலில் அரிவு வெட்டு நேரம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கிடையில் நான் விறாந்தையில் குந்தியிருந்து வெறும் அறைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். முழக்கமெல்லாம் உள்ளே, கேட்க வேண்டிய நான் வெளியே. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மீது என்றுதான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிசைக்குப் போனேன். அவருக்குக் காய்ச்சலும் இல்லை, வேறு ஒரு வருத்தமும் இல்லை. வாசலில் இருந்துகொண்டு மண்வெட்டிக்குப் பிடி செருகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிவிட்டார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏன் இப்ப வாறேல்ல?"

"அந்தப் பொட்டிய புடிச்சிக்கிட்டு இருந்ததாலதானுங்க நான் உள்ள உக்காந்தேன். இப்ப என்னான்னு சொல்லிட்டு உள்ள வர்றது?"

"சும்மா வாங்கோ. கதிரை இருக்குது."

அவர் சிரித்தார். இந்த ஊரில் எத்தனையோ வீட்டில் வேலை செய்திருக்கிறாராம். வேலை இருந்தால் குசினி அடுப்படி வரைக்கும் போகலாம், வேலை முடிந்தால் முற்றம்தானாம். குறையாகச் சொல்லவில்லை. மழை எப்போது வரும் என்று சொல்வது போலச் சொன்னார். என் வீடு அப்படியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் எத்தனை பின்னேரம் வந்திருப்பார். பெட்டிக்கு றப்பர் ஒட்டும் வரை ஒரு நாளாவது அவருக்குக் கதிரை போட்டேனா?

"றப்பரைக் கழட்டிப்போடுறன்," என்றேன்.

"வேணாங்கய்யா. கழட்டினீங்கன்னா அப்பறம் பொட்டி தானா நகராது. எனக்காக நீங்க நகத்துறது ஆயிடும்."

அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் நின்றுகொண்டே குடித்தேன். வாறன் என்று சொல்லிவிட்டு வாய்க்கால் கரையால் வீட்டுக்கு நடந்தேன்.

அன்று பின்னேரமும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்றினேன். செய்தி தொடங்கி முடியும் வரை ஒரு தடவைகூட அறுபடவில்லை. வவுனியாப் பாதையைத் திறப்பது பற்றிப் பேச்சு நடப்பதாகச் சொன்னார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வெறும் அறையைப் பார்த்து, "கேட்டனீங்களே?" என்றேன்.