இறுக்கிக் கட்டிய கோணி

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையால் கொடியில் துணி காயப்போடக்கூட என்னால் முடியவில்லை. மார்பிலிருந்த கட்டியோடு அக்குளிலும் கொஞ்சம் எடுத்திருந்தார்கள். கை தோளுக்கு மேலே போக மாட்டேன் என்றது. பொன்னேரியில் கைப்பயிற்சி கொடுக்கும் அம்மா, சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றச் சொன்னார். பல்லி வேலை. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

"காலேஜ்ல வில்லு விட்டிருக்கேன். அதை இழுக்கலாமா?" என்று கேட்டேன். அவர் டாக்டரிடம் விசாரித்துவிட்டு, லேசான வில்லாக இருந்தால் மெதுவாக இழுக்கலாம் என்றார். கூடப் படித்தவள் ஒருத்தி தன் பழைய பயிற்சி வில்லையும் சில அம்புகளையும் கொடுத்தனுப்பினாள். அம்பு விடுவதற்கு ஓர் இலக்குதான் இல்லை.

என் வீட்டுக்காரர் பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப்பவர். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊரில் முறை உண்டு. அதைப் பாடு என்போம். தனக்குப் பாடு இல்லாத ஒரு நாளில் அவர் கொல்லையில் இலக்கு செய்ய உட்கார்ந்தார். திருப்பாலைவனம் பக்கம் போனால் வைக்கோல் கிடைக்குமே என்றேன்.

"வைக்கோல் இன்னாத்துக்கு? நம்மகிட்ட இல்லாத வலையா?"

கிழிந்த நைலான் வலைகளை அள்ளிவந்து ஒரு பெரிய கோணியில் திணித்தார். காலால் மிதித்தார், மறுபடியும் திணித்தார். பிறகு கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, படகில் சாமான் கட்டுவதுபோல் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்துக் கட்டினார். எங்கள் ஊர் ஆண்களுக்குத் தொளதொளவென்று கட்டத் தெரியாது. அலையில் அவிழ்ந்துவிடும் என்ற பயம் கையிலேயே ஊறியிருக்கிறது. இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, கோணியை அவற்றோடு சேர்த்துக் கட்டினார். தவறும் அம்பு தெருவுக்குப் போகாமலிருக்கப் பின்னால் ஓட்டைப் படகு ஒன்றைச் சாய்த்து வைத்தார். கரியால் வட்டமும் போட்டார். அது கத்தரிக்காய் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "இன்னாமே, யார் மேல படையெடுக்கப் போற?" என்றாள்.

அம்பு கோணியில் குத்தி நின்றுவிட்டால் என் கை எனக்குத் திரும்பிவிட்டது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து விட்டேன். அம்பு கோணியில் பட்டு, தொப்பென்று மணலில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"செத்த கைய்யா இது! இதையும் வெட்டி எடுத்திருக்கலாம்" என்று கத்திவிட்டு வில்லைப் போட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் அம்புகளைப் பொறுக்கினார். கோணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

இரண்டு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி வில்லை எடுத்தேன். அம்பு நின்றது! தலை தொங்கியபடிதான், ஆனாலும் நின்றது. அடுத்த வாரம் நேராகவே நின்றது. என்னைப் பிடிக்க ஆளில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி பாட்டுப் பாடினேன். மடவை மீன் குழம்பு வைத்து அக்கா வீட்டுக்கும் கொடுத்தேன். பயிற்சி அம்மாவிடம் அளந்த அளப்பு கொஞ்சமில்லை.

ஒருநாள் பொன்னேரிக்குப் போனால் அந்த அம்மா விடுப்பு. வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். கொல்லையில் என் வீட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு இலக்கின்முன் நின்றிருந்தார். கயிறு தளர்ந்து கிடந்தது. கோணியின் வாய்க்குள் கையை விட்டு வலையைப் பிடி பிடியாக உருவிக்கொண்டிருந்தார். காலடியில் ஏற்கெனவே ஒரு குவியல்.

"இன்னாய்யா பண்றே?"

திடுக்கிட்டுத் திரும்பினார். உருவிய வலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைக்கிற அளவா அது?

"நான் கட்னது தப்புமே. கல்லு மாதிரி கட்டிட்டேன். அதுல எவன் உட்டாலும் நிக்காது."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா? சும்மா சமாதானம் சொல்றேன்னு சண்டைக்கு வந்திருப்பே."

வந்திருப்பேன்தான். ஆனாலும் அவமானமாக இருந்தது. இத்தனை நாள் ஆடிய ஆட்டமெல்லாம் இவர் உருவிய வலையின் தயவா? "முதல்ல இருந்த மாதிரியே கட்டு" என்றேன். வேண்டாம் என்று கெஞ்சினார். நான் விடவில்லை. எல்லா வலையையும் உள்ளே திணித்து, முழங்காலை முட்டுக்கொடுத்து, கயிறு முனகும்வரை இழுத்துக் கட்டினார். கட்டிவிட்டு ஏரிப் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

இழுத்தேன். அக்குளில் சுரீரென்றது. விட்டேன்.

"நின்னுச்சா?" என்றார், திரும்பாமலே.

"இல்ல. உழுந்துடுச்சு."

அவர் கோணியிடம் ஓடினார். குனிந்து முகத்தைக் கிட்டத்தில் வைத்துத் தேடினார். பழைய பொத்தல்களை விட்டுத் தள்ளி, கரி வட்டத்துக்கு வெளியே புதிதாக ஒரு பொத்தல் இருந்தது. முதல் நாள் இதேபோல் இறுக்கிக் கட்டியிருந்தபோது அந்தக் கோணியில் ஒரு கீறல்கூட விழவில்லை. அந்தப் பொத்தலில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"இங்க வந்து பாருமே! நகம் முழுசா உள்ள போவுது! நான் இன்னிக்கு எதையும் தளத்தலமே, சத்தியமா!"

சின்னப் பிள்ளைபோல் விரலை எடுக்காமல் அங்கேயே நின்றார். கண்ணில் நீர் தளும்பியது. என் கை இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. "விரலை எடுத்துட்டு நகருய்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த அம்பை எடுத்தேன்.