சமையல் மேடையின் உயரம்

எங்கள் வீட்டுச் சமையல் மேடை குட்டையானது. வருகிறவர்கள் யாரும் அதைச் சொல்லாமல் போவதில்லை. எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், மேஸ்திரி அளவு தெரியாம வச்சுட்டானா?" என்று சிரித்தார். மகளின் மாமியார் வந்திருந்தபோது மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மேடையைப் பார்த்தார். நான் நெட்டையன். இந்த மேடையில் ஒரு டம்ளர் காபி போடுவதற்குள் என் முதுகு எனக்கு எதிராகப் பேச ஆரம்பித்துவிடும். நின்று சமைப்பவருக்கும் தோதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து சமைப்பவருக்கும் எட்டாது. கல்லை மட்டும் யாராலும் குறை சொல்ல முடியாது. அதைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி.

அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். நான் பஸ் கண்டக்டர். திண்டுக்கல்லுக்கும் நத்தத்துக்கும் நடுவில் பாதி ஆயுசைக் கழித்தேன். "நம்ம ரெண்டு பேரும் நின்னே சம்பாதிச்சவங்க. உக்காந்து திங்கிறதுக்கு மட்டும் நேரமில்ல" என்பாள். அவள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். பள்ளிக்கூடத்தில் அண்டாவுக்குள் எட்டிப் பார்க்கச் செங்கல்மேல் ஏறி நிற்பாள். வீட்டுக்கு வந்தால் இங்கும் அதே கதை. நாங்கள் வாங்கியது பழைய வீடு. முன்பு இருந்தவர்கள் தங்கள் உயரத்துக்குக் கடப்பைக் கல் பதித்து வைத்திருந்தார்கள். அடுப்புக்கு முன்னால் ஒரு பலகை போட்டு, அதன்மேல் நின்றுதான் இத்தனை வருஷமும் சமைத்தாள். அவசரத்தில் பலகையை மறந்து கால் இடறிய நாட்கள் உண்டு. அன்றைக்கு வீடு விற்றவருக்கும் எனக்கும் சேர்த்து அர்ச்சனை நடக்கும்.

அவள் ஓய்வு பெற்ற அன்று, பள்ளிக்கூடத்தில் போட்ட மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இனிமே எனக்கு என் உயரத்துக்கு ஒரு மேடை வேணும். நல்ல கல்லாப் போட்டு. பலகையைத் தூக்கி அடுப்புல வச்சிரணும்."

செய்துவிடலாம் என்றேன். மேஸ்திரியிடமும் பேசினேன். அவர் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்த சமயத்தில்தான் அவளுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையும் தப்பியது. இடது கையும் காலும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நிற்க வருமா என்று பிசியோதெரபி செய்ய வந்த பெண்ணிடம் கேட்டால், வரலாம், வராமலும் போகலாம் என்றாள். பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டவரிடம் போக, வர இரண்டுக்கும் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுப்பதுபோல் இருந்தது எனக்கு.

மேடைப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. ஒரு நாள் படுக்கையில் இருந்தபடி அவளே கேட்டாள்.

"மேஸ்திரிக்கு இன்னும் வேலை முடியலையாமா?"

"முதல்ல நீ எந்திரி. அப்புறம் பாப்போம்."

"நான் எந்திரிச்சு எங்க போய் நிக்கிறது? அந்தப் பலகையிலயா?"

மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

கல் வாங்க மதுரை ரோட்டில் இருந்த ஒரு கடைக்கு வாடகைக் காரில் அவளைக் கூட்டிப் போனேன். மகளும் செம்பட்டியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். கடை என்றால் கடையில்லை, பெரிய கொட்டகை. இரும்புச் சட்டங்களில் ஆள் உயரக் கற்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்றன. அவளால் இறங்க முடியாது. கார் கதவைத் திறந்துவைத்து, அவள் பார்க்கும்படி வண்டியை வாசலுக்கு நேராக நிறுத்தச் சொன்னேன். கடைக்காரர் நல்ல மனிதர். ஒவ்வொரு கல்லின் மேலும் ஆளை விட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நனைந்தால்தான் நிறம் தெரியுமாம்.

"கறுப்பு எடுங்கம்மா. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க."

"கறுப்புல எறும்பு ஊர்ந்தாத் தெரியாது தம்பி. நாளைக்குக் கொழம்புலயும் வெஞ்சனத்துலயும் கெடக்கும்."

வெள்ளையாக ஒன்று காட்டினார். மார்பிள் என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் அசைந்து கொடுக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒவ்வொரு சில்லு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கொட்டகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கல்லைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா, கல்லே சாஞ்சுதான் நிக்குது. நான் சாஞ்சு நின்னா மட்டும் ஆகாதா?" என்றாள்.

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். காரில் திரும்பும்போது அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் அந்தச் சில்லுகளின் மேல் நத்தம் புளியைக் கரைத்து ஊற்றச் சொன்னாள். பக்கத்திலேயே கொஞ்சம் மஞ்சள் தூளும் எண்ணெயும். மறுநாள் துடைத்துப் பார்த்தால் மார்பிள் புளி பட்ட இடத்தில் மங்கிப் போயிருந்தது. இன்னொரு வெளிர் கல்லில் மஞ்சள் ஏறிவிட்டது. சாம்பல் நிறத்தில் மிளகை உடைத்துத் தூவியதுபோல் ஒரு கல் இருந்தது. அது மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் கிடந்தது. "இவதான் நம்ம வீட்டுக்குத் தாங்குவா" என்று அதை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

சண்டை வந்தது உயரத்தில்தான். பழைய மேடையை உடைத்துச் சுவரைப் பூசிய பிறகு மேஸ்திரி அளவு கேட்டார். நான் மனதில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மேடையைத் தாழ்வாக வைத்து, கீழே கால் நீட்ட இடம் விட்டுவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் சமைக்கலாம். வலது கைதான் இருக்கிறதே. இதைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எங்கள் கல்யாணத்திலிருந்து அதுவரை பார்த்ததில்லை.

"உக்காந்து சமைக்கிறதுக்கா இம்புட்டு நாள் காத்திருந்தேன்? கல்லை ஒருதரம் பதிச்சா பதிச்சதுதான். நான் இனி எந்திரிக்கவே மாட்டேன்னு நீங்க சிமெண்ட் போட்டு எழுதி வைக்கிறீங்க."

"அப்படி இல்லம்மா..."

"வேற எப்படி?"

மேஸ்திரி நல்லெண்ணத்தில் நடுவே வந்தார். மகளும் தாயும் ஒரே உயரம். "பாப்பாவை நிக்க வச்சு அளவு எடுத்துருவோம்க்கா. ரெண்டும் ஒண்ணுதானே."

"சமைக்கப் போறது நானு. அவ செம்பட்டியில அவ வீட்டுல சமைக்கிறா. என்னைத் தூக்கிவிடுங்க."

அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். நாற்காலியைச் சுவரோரம் கொண்டுபோனோம். நான் பின்னால் நின்று அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். மகள் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவள் முதுகைச் சுவரில் சாய்த்து, மெதுவாக நான் பக்கவாட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. மேஸ்திரி குனிந்து, வலது முழங்கையை மடக்கச் சொன்னார். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுக் கோடு போடுவது வழக்கமாம். அவர் பென்சிலைச் சுவரில் வைத்தபோது அவள் சொன்னாள்:

"கையை எடுங்க. நீங்க பிடிச்சா அளவு தப்பா வரும்."

"விழுந்துருவ."

"எடுங்க."

எடுத்தேன். ஒரு விரல் இடைவெளியில் கையை வைத்துக்கொண்டேன், ஆனால் தொடவில்லை. மகளும் தொடவில்லை. அவள் முழங்கால் மடங்கி, முதுகு சுவரில் கொஞ்சம் கீழே வழுக்கியது. அந்த இடத்தில் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி கோட்டை இழுத்தார். அடுத்த நிமிஷம் நாங்கள் அவளை அள்ளி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டோம். நெற்றியெல்லாம் வேர்வை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும்தான். யாருக்கும் தெரியாமல் முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டேன்.

தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் அவள் கோட்டைப் பார்த்தாள். மகளைக் கூப்பிட்டு அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். கோடு மகளின் முழங்கைக்கு எங்கோ கீழே, இடுப்பெலும்பு பக்கமாக ஓடியது.

"நான் அம்புட்டுதான் எந்திரிச்சேனா?"

மேஸ்திரி மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஏற்றி வைத்துவிடட்டுமா என்று என்னிடம் கண்ணால் கேட்டார். நான் தலையாட்டப் போனேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"இருக்கட்டும். அதே கோட்டுல வைங்க தம்பி. அம்புட்டு உயரத்துக்கு நான் வந்துருவேன்ல. வந்தப்புறம் மேல ஏத்துறதைப் பத்திப் பேசிக்கலாம்."

கல் வந்தது. தெருவில் வைத்துத் தண்ணீர் ஊற்றி அறுத்தார்கள். சாக்கடை முழுக்கச் சாம்பல் கரைசல் ஓடியது. நான்கு பேர் தோளில் துணி போட்டுத் தூக்கி வந்து கலவையின் மேல் இறக்கினார்கள். அவள் சமையலறை வாசலில் நாற்காலியைப் போடச் சொல்லி, கோட்டிலிருந்து ஒரு நூல் விலகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சிங்க் வைக்க வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போட விடவில்லை. அதை ஸ்டூலில் வைத்து, ஒரு கையாலேயே பூண்டு தட்டப் பழகிக்கொண்டாள்.

பால் காய்ச்சிய அன்று மகள்தான் ஊற்றினாள். பொங்கியதும் எல்லோரும் என் மனைவியைப் பார்த்தோம். அவள் நாற்காலியிலிருந்து கையை நீட்டிக் கல்லின் விளிம்பைத் தடவினாள். "சில்லுன்னு இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்த விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கப் பார்ப்பாள். நான் பின்னால் நிற்பேன். பாதி வருவாள், உட்கார்ந்துவிடுவாள். "இன்னைக்குக் கொஞ்சம் கூட வந்தேன்ல?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். சில நாள் உண்மையாகவே கூட வந்திருப்பாள். அப்புறம் நான் சமைப்பேன், அவள் ஸ்டூல் பக்கத்தில் இருந்து அதட்டுவாள். உப்பு எவ்வளவு என்று கேட்டால், "கையில எடுத்தாத் தெரியும்" என்பாள். அவள் கைக்குத் தெரியும், என் கைக்கு எப்படித் தெரியும்? எப்போது பார்த்தாலும் குனிந்தபடி நிற்கும் என்னைப் பார்த்து, "செத்த நேரம் பொறுங்க, நான் வந்துருவேன்" என்பாள். அந்தச் சொல்லை நான் நம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் நான் நம்பியதில் தப்பில்லை என்றுதான் படுகிறது.

மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். கார்த்திகை தாண்டவில்லை. சுவரில் கோடு போட்ட அன்று அவள் நின்றதுதான் கடைசியாக நின்றது.

போன மாதம் மகள் வந்திருந்தபோது நான் தோசைக்கல்லுக்கு முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டாள். என்னைக் கேட்காமலேயே மேஸ்திரிக்குப் போன் செய்துவிட்டாள். அதே மேஸ்திரி. வந்து, கல்லைத் தட்டிப் பார்த்து, உடையாமல் எடுத்துவிடலாம், கீழே ஒரு வரி செங்கல் வைத்தால் போதும் என்றார்.

"முதுகு போயிரும்பா" என்றாள் மகள்.

மேஸ்திரி டேப்பை இழுத்தார். "அண்ணே, பாப்பாவோட உயரம்தானே அக்காவுக்கும். அக்காவோட நெச உயரத்துக்கே வச்சிருவோம். அன்னைக்கே அப்படி வச்சிருக்கணும். எனக்கும் மனசு கேக்காமத்தான் இருக்கு."

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவளுடைய நிஜ உயரத்தில் ஒரு மேடை. அவள் ஆசைப்பட்டதும் அதுதானே. ஒரு நிமிஷம் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். மேடையின் விளிம்பில் கை வைத்திருந்தேன். சில்லென்றுதான் இருந்தது.

"வேணாம்யா" என்றேன். "அன்னைக்கு நீ கோடு போட்டப்ப நான் கையை எடுத்துட்டேன். யாரும் அவளைப் பிடிக்கல. இதுக்கு மேல ஒசத்துனா அது நான் தூக்கிப் பிடிச்ச உயரமாப் போயிரும். இது அவளா நின்னது."

மகள் சமையலறையை விட்டு வெளியே போய்விட்டாள். மேஸ்திரி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். நான் அடுப்பைப் பற்றவைத்து, குனிந்து, மூன்று பேருக்கும் காபி போட்டேன்.