செல்லையா தூதரகத்துக்கு வந்தார்

1. கவுண்டர்

கொழும்பில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தின் விசா பிரிவில் இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: பேசுபவர் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும், சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்கக் கூடாது. நாள் முழுக்க மூன்று மொழியில் பேசிவிட்டு வாடகை அறைக்குத் திரும்பினால் பேச ஆளிருக்காது.

அந்த நாடு நம் தேயிலையை வாங்கும் நாடு. தேயிலை வியாபாரத்துக்காகத்தான் ஒரு பழைய பங்களாவில் தூதரகத்தைத் தொடங்கினார்களாம். நம் பெண்கள் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு விசா பிரிவு பெரிதாகி, கண்ணாடிக் கவுண்டர் வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, அந்தக் கவுண்டருக்குச் செல்லையா வந்தார். மலையகத்தில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. என் ஊரும் அந்தப் பக்கம்தான். வீட்டு வேலைக்குப் போன அவர் மகள் ரஞ்சனியிடமிருந்து பத்து மாதமாகப் போன் இல்லை. அனுப்பிய ஏஜென்சியும் மூடிக் கிடந்தது.

விசா பிரிவைப் பார்த்துக்கொண்ட அந்த நாட்டு அதிகாரி, இரண்டாம் செயலாளர், பொறுமையாக விளக்கினார். விசா கொடுப்பதும் இரு அரசுகளின் உறவைப் பார்ப்பதும்தான் இந்தத் தூதரகத்தின் வேலை. அங்கே இருக்கும் இலங்கையரை அங்குள்ள இலங்கைத் தூதரகம்தான் பார்க்க வேண்டும். அப்படியே தமிழில் சொன்னேன்.

செல்லையா கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "மிஸ், இது அந்த நாட்டு எடந்தானே? எம்புள்ளயும் அந்த நாட்டுலதானே இருக்கு? உள்ள யாருகிட்டயாச்சும் கேட்டுச் சொல்லுங்களேன்."

அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டாம் செயலாளர் ரஞ்சனியின் பழைய விசா ஃபைலை எடுக்கச் சொன்னார். அதில் வேலை கொடுத்தவரின் விலாசம் இருந்தது. அதைத் தன் நாட்டுத் தலைநகரில் இருந்த நம் இலங்கைத் தூதரகத்துக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னார். அது அவர் வேலையில்லை. ஆனாலும் செய்தார்.

2. பதில்

ஐந்து வாரத்தில் அங்கிருந்து பதில் கடிதம் வந்தது. ரஞ்சனி நலம். முறைப்படி வேறு வேலைக்கு மாறியிருக்கிறாள். ஆனால் நம்பரையோ விலாசத்தையோ வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

செல்லையா கொடுத்திருந்தது தோட்டத்துக் கடையின் நம்பர். நாலு பேர் நிற்கும் இடத்தில் இதை எப்படிச் சொல்வது? சனிக்கிழமை பஸ் ஏறி நேரில் போனேன். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவர் தனியாக இருந்தார். பாலில்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். கடிதத்தைத் தமிழில் சொன்னேன்.

"வேற ஒன்னும் சொல்லலியா, மிஸ்?"

"இல்லண்ணே."

"என்னைய விசாரிக்கலியா?"

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. 'விசாரிச்சாங்க' என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லண்ணே. அப்படி ஒன்னும் இதுல இல்ல."

தலையைக் குனிந்தபடி சொன்னார்: "அவ அம்மா செத்தத நான் சொல்லல, மிஸ். பாதியில வந்துட்டா வேல போயிரும்னு மறச்சுட்டேன். மூனு மாசம் கழிச்சுத்தான் சொன்னேன். அன்னைக்குப் போன வச்சவதான்."

அப்போதுதான் சொந்தமாகப் பேசினேன். "நானும் எங்கம்மாகிட்ட நாலு வருஷம் பேசாம இருந்தேன்ணே. அவ்வளவு கோவம். ஆனா நெனைக்காத நாளில்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். "மறச்சது தப்பு. மன்னிச்சுக்க தாயி. நீ பேசாட்டியும் பரவால்ல, நல்லா இரு." அவ்வளவுதான் சொன்னார். ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதினேன்.

அங்குள்ள நம் தூதரகம் வழியாகக் கடிதம் அவள் கையில் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை அவளிடமிருந்து பதில் வரவில்லை.

இப்போது ராகலையில் தனியாக இருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். கசப்பான செய்தியைக் கசப்பாகவே மொழிபெயருங்கள், இனிப்புச் சேர்க்காதீர்கள். ஆனால் சொல்லி முடித்த கையோடு எழுந்து போய்விடாதீர்கள். அன்றைக்கு நான் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்திருந்தேன். என் பணிக்காலத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அதுதான் என்று தோன்றுகிறது.