அம்மாவைச் சொல்லி எடுத்த லீவு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிற வேலை சின்னவளுக்கு. மூக்கு அகலமானவர், ஒரு காது மேலேயும் ஒரு காது கீழேயுமாக இருப்பவர், போன வாரம் வாங்கிய கண்ணாடிமேலேயே உட்கார்ந்துவிட்டு அசடு வழிய வந்து நிற்பவர், எல்லாரும் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வந்து சேர்வார்கள். வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பெரியவள், இவள் சின்னவள். காதோரம் நரைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி அனுப்பினாள். 'இன்னுமா படிக்கிற, விளக்கை அணை' என்று சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அப்படி ஒரு கதைப் பைத்தியம். அதிலும் குடும்பக் கதை, கொலைக் கதை எதுவும் ஆகாது. வேறு கிரகம் வேண்டும், இல்லையென்றால் மந்திரமாவது வேண்டும். புதிதாக வந்த மூன்று தடிப் புத்தகங்கள் அலமாரியில் காத்துக் கிடந்தன. ஒன்றில் மந்திரம் போடுகிறவர்கள் ஒவ்வொரு மந்திரத்துக்கும் தங்கள் நினைவு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். இன்னொன்றில் கடலே இல்லாத கிரகத்தில் மேகங்களை ஏலம் விடுகிறார்கள். மூன்றாவது, விண்வெளிக் கப்பல் கதை. வேலை முடிந்து வந்து பிரித்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகிவிடும்.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். முதலாளியிடம் போய், வாய் கூசாமல், "அம்மாவைப் பாத்துக்க ஆளில்ல சார், ஒரு வாரம் லீவு வேணும்" என்றாள். அவருக்கு மனசு இளகிவிட்டது. "போயிட்டு வாம்மா. அம்மாவை விடவா கடை பெரிசு?" என்றார். அன்று சாயங்காலமே அக்காவுக்கு போன் போட்டு, "கடையில ஆள் பத்தலக்கா. இந்த மாசம் லீவே கிடையாதுன்னுட்டாங்க" என்றாள். ஒரே நாளில் இரண்டு பொய். அவள் பொருத்துகிற லென்ஸ்கூட அத்தனை கச்சிதமாக உட்கார்ந்ததில்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மழைக்காலம் முழுக்கப் போயிருந்தது. இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டில் இருக்கிறாள். தூக்குவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாமே அக்கா. சின்னவள் ஞாயிற்றுக்கிழமை போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்து, கை கழுவிவிட்டு வருவாள். யாராவது ஒரு மாதிரி கேட்டால், "அவளுக்கு நிக்க நேரமில்ல, பாவம்" என்று அக்காவே முந்திக்கொண்டு பரிந்து பேசுவாள்.

லீவு தொடங்கியது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்து, மந்திரப் புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்தாள். மேகம் ஏலம் போனதையும் பார்த்தாயிற்று. கூட வேலை செய்கிற பெண், 'அம்மா எப்படி இருக்காங்க?' என்று போனில் கேட்டு அனுப்பினாள். 'பரவாயில்ல' என்று பதில் போட்டபோது சின்னவளுக்கு முகம் சுட்டது. குற்ற உணர்ச்சி இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் சுவாரஸ்யமான இடம் வரும்போதெல்லாம் அதை ஓரமாக உட்கார வைத்துவிட்டாள்.

கப்பல் கதையில் பாதி தாண்டிய மத்தியானம், தரையில் தலையணை போட்டுப் படுத்து, மூக்கைச் சிந்திக்கொண்டே படித்துக்கொண்டிருந்தாள். வாசற்கதவில் சாவி திரும்பியது. இன்னொரு சாவி அக்காவிடம் இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்கா கையில் சாப்பாட்டு டப்பா. ஓயாமல் உழைக்கிற தங்கைக்கு பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

"என்னடி, வேலைக்குப் போகலையா? கண்ணெல்லாம் செவந்திருக்கு."

"காய்ச்சல்க்கா" என்றாள் சின்னவள். அது மூன்றாவது பொய்.

அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டு, வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கையில் கிருமிநாசினி வாடை அடித்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் சின்னவள், அந்த வெந்நீரைத்தான் விழுங்க முடியவில்லை.

பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள் அக்கா. "அம்மாகிட்ட எங்க வீட்டுக்காரர் இருக்கார், அவர் ஷிப்டுக்குக் கிளம்பறதுக்குள்ள போகணும். கொஞ்சம் உக்காந்துக்கறேன். அது என்ன புக்கு, அழற அளவுக்கு?"

எதையாவது பேசினால் போதும் என்று சின்னவள் கதையைச் சொன்னாள். ரொம்ப தூரம் போகிற கப்பல். போய்ச் சேரப் பல ஆயுசு ஆகும். அதனால் எல்லாரையும் பெட்டிக்குள் தூங்க வைத்திருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் முழித்திருந்து அத்தனை பேரையும் கவனித்துக்கொள்கிறாள். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. தனியாகவே கிழவியாகிக்கொண்டிருக்கிறாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தால், உதடு மட்டும் அசைந்தது.

"பாவம். அவளை மாத்திவிட யாருமே எழுந்திரிக்கலையா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. கதை கேட்கிறவள் கேட்கிற கேள்விதான். சின்னவள் புத்தகத்தை மூடி வைத்தாள். முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் காலையிலிருந்து அழுது தலையணையை நனைத்திருக்கிறாள். கூடப் பிறந்தவளுக்காக ஒரு நாளும் அழுததில்லை.

"அக்கா, காய்ச்சல் இல்ல. லீவு போட்டிருக்கேன், அம்மாவைப் பாத்துக்கணும்னு சொல்லி. புக்கு படிக்கத்தான் போட்டேன்."

"நெத்தியத் தொட்டப்பவே தெரியும். ஜில்லுனு இருந்துச்சு."

"ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

"சண்டை போடக்கூட தெம்பில்லடி."

சின்னவள் போர்வையை உதறி எழுந்தாள். "நீ இங்கயே படு. நான் அம்மாகிட்ட போறேன். லீவு முடியற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம். வேண்டாம், பரவாயில்லை என்று ஒப்புக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சின்னவள் எழுந்த இடத்தில் அப்படியே சரிந்து படுத்துக்கொண்டாள்.

சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவில் கை வைத்தபடி நின்றாள். அந்தக் கப்பலின் எந்தத் தளத்தில் எந்த அறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இதைக் கேட்காமல் போகவும் முடியாது, கேட்கவும் நா எழவில்லை.

"அக்கா, அம்மாவுக்கு எந்தக் கை வராது?"

அக்கா கண்ணைத் திறந்து அவளை ஒரு தரம் பார்த்தாள்.

"இடது கை" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.