மூவரும் ஒத்துப்போன நன்றி

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒத்து’ என்று பெயர். அதில் ஒத்து ஊதுபவள் என்ற கேலியும் கலந்திருந்தது. பிறர் எழுதியதைத் தட்டச்சுச் செய்தே பல ஆண்டுகள் பிழைத்தவள். பிறர் எழுதியதைத் தரம் பிரிக்கும் இந்த வேலைக்கு அண்மையில்தான் வந்திருந்தாள்.

அவர்கள் செய்தது, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கான தேர்தல் ஆய்வு. மக்கள் சமூக ஊடகத்தில் எழுதுபவை, எழுதியவரின் பெயர் நீக்கப்பட்டுத் தெருவின் பெயரோடு மட்டும் திரைக்கு வரும். ஆதரவு, எதிர்ப்பு, இரண்டுமில்லை என்னும் பொத்தான்களுள் ஒன்றை அழுத்த வேண்டும். ஒரே பதிவை மூவர் தனித்தனியே பார்ப்பர். மூவரும் ஒத்துப்போனால் அதுவே சரியான விடை. தனித்து நிற்பவருக்கு மதிப்பெண் குறையும். எந்தத் தெரு கொதிக்கிறது என்பதை அறிக்கையில் கண்டு, வாக்குப்பதிவுக்கு முன் அங்கே மட்டும் குறை தீர்க்க ஆட்களை அனுப்புவார் உறுப்பினர்.

அவளது வீட்டுக்குள் சாக்கடை நீர் புகுந்து நின்றது. மாமியாருக்கு நீரிழிவு, காலில் ஆறாத புண். கட்டிலிலிருந்து இறங்கினால் அந்த நீரில்தான் கால் வைக்க வேண்டும். கைப்பேசி பழுதுபார்க்கும் கொழுந்தனுக்கு வாய்த்துடுக்கு அதிகம். ஒருநாள் தான் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினான்: “கேட்காமலே வீட்டுக்குள் வரை தண்ணீர் தந்த எங்கள் உறுப்பினருக்குக் கோடி நன்றி!”

“ஏன்டா, திட்டுறதைக் கொஞ்சம் நேராத்தான் திட்டேன்!”

“நேராத் திட்டினா யாரும்மா படிக்கிறாங்க? இப்படிச் சொன்னாத்தான் உறைக்கும். இல்லையா அண்ணி?”

அண்ணியும் சிரித்தாள்.

மறுநாள் அந்த வாக்கியமே அவளது திரைக்கு வந்தது. எதிர்ப்பு என்று அழுத்தினாள். சற்று நேரத்தில் மேற்பார்வையாளர் அழைத்தார்.

“என்னம்மா, நன்றின்னு எழுதியிருக்கு. நீங்க எதிர்ப்புன்னு போட்டிருக்கீங்க?”

“கிண்டல் சார். அது சாக்கடைத் தண்ணி. எங்க தெருதான்.”

“உங்களுக்குத் தெரிஞ்சதை வெச்சுப் போடாதீங்கம்மா. எழுதியிருக்கிறதை வெச்சுப் போடுங்க. மத்த ரெண்டு பேரும் ஆதரவு. நீங்க இப்படியே தனியாப் போனீங்கன்னா, அடுத்த மாசம் உங்களை வெச்சுக்கச் சொல்லி என்னால பேச முடியாது.”

வஞ்சப்புகழ்ச்சி அணியைப் பள்ளியில் அவளும் படித்திருந்தாள். அதற்குப் பொத்தான் இல்லை. மாமியாரின் மருந்து அவளுடைய சம்பளத்தில்தான் வந்துகொண்டிருந்தது. இடத்துக்குத் திரும்பி, எதிர்ப்பை ஆதரவாக மாற்றினாள்.

கொழுந்தனின் பதிவு தெருவுக்கே பிடித்துப்போயிற்று. பக்கத்து வீட்டாரும் எதிர்வீட்டாரும் தத்தம் பங்குக்கு நன்றி கூறினர். வந்த நன்றிகள் அனைத்துக்கும் அவள் ஆதரவு என்றே அழுத்தினாள். அம்மாதம் யாரோடும் முரண்படாதவள் அவள் ஒருத்திதான். ‘ஒத்து’ என்ற பெயர் வந்தது அப்போதுதான்.

அறிக்கையில் அவளது தெரு மனநிறைவுள்ள தெருவாகப் பச்சை நிறத்தில் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அதைத் தாண்டி, நேராகவே திட்டி எழுதிய பின்தெருவுக்குப் போயிற்று. மாமியாரின் புண் அழுகியது. வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம் கால்விரல்கள் இரண்டை அகற்றிவிட்டார்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது, தெருமுனையில் புதிய பதாகை ஒன்று நின்றது. உறுப்பினர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, ‘மக்களின் குரல்’ என்ற தலைப்பில், கொழுந்தனின் வாக்கியம் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது.

அவன் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அம்மாவின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தான்.

“அண்ணி, உங்க ஆபீஸ்லதானே இதெல்லாம் பார்க்கிறீங்க? இதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்ட மடையன் யாரு?”

“மூணு பேரு பார்த்தோம் தம்பி” என்றாள் அவள். “மூணு பேரும் ஒத்துப்போயிட்டோம்.”

அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். அதன் பிறகு அவன் அவளை அண்ணி என்று அழைக்கவே இல்லை.