தலைத்தீபாவளிக்குக் கொடுத்த காற்றுப்பை

என் தங்கையின் கணவர் கோழை அல்லர். அவரைக் கோழை என்று ஊரை நம்பவைத்தவன் நான். ஊரை மட்டுமா... அவரையே நம்பவைத்தேன்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது எனக்குத் தகும். ஆனால் எழுந்து போய்விடாதீர்கள். எப்படிச் செய்தேன் என்பதையும் கேளுங்கள். நான் வெட்கப்படுவது அந்த "எப்படி"யை நினைத்துத்தான்.

அவர் பெயர் ரவீந்திரன். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர். என் தங்கை மாலதியைக் கட்டியதால் எனக்கு மாப்பிள்ளை. நான் திருகோணமலையில் சில வருடங்கள் சுற்றுலாக்காரர்களுக்குக் கடலடியில் சுழியோடக் கற்றுக்கொடுத்துவிட்டு, கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலைக்குத் திரும்பி வந்தவன். கண்டிக்காரனுக்குக் கடல் எங்கே என்று சிரிக்காதீர்கள். எங்களுக்கு விக்டோரியா நீர்த்தேக்கம் இருக்கிறது. அதில் யாராவது மூழ்கிவிட்டால் தேடிப்போகிற ஒரு சிறிய தொண்டர் குழுவில் நான் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையும் ஆசைப்பட்டு அதில் சேர்ந்தார். கற்றுக்கொடுத்தவன் நானே.

நல்ல மாணவர். அவசரம் இல்லாதவர். தண்ணீருக்கு அடியில் அவருடைய மூச்சு அவ்வளவு நிதானமாக இருக்கும்! எனக்குக்கூட அந்த நிதானம் வந்ததில்லை. அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுழியோடுபவர் முதுகில் ஓர் உலோகத் தகடு இருக்கும். அதற்குப் பின்னால் காற்றுச் சிலிண்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு காற்றுப்பை. நாங்கள் அதை விங் என்போம். அதில் காற்றை விட்டால் மேலே வரலாம், கயிற்றை இழுத்துக் காற்றை வெளியேற்றினால் கீழே போகலாம். ஒற்றைச் சிலிண்டருக்கு ஒடுங்கிய விங் போதும். இரட்டைச் சிலிண்டர் கட்டுபவர்களுக்கு அகலமானது உண்டு. அகலமானதை ஒற்றைச் சிலிண்டரில் மாட்டினால், அதன் இரு ஓரங்களும் எழும்பி, பாக்கைச் சுற்றி வெற்றிலை மடிந்ததுபோல் சிலிண்டரைச் சுற்றிக்கொள்ளும். மடிப்புக்குள் காற்று சிக்கும். பிறகு கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் அது முழுதாக வெளியே வராது.

பெரியது என்றால் பாதுகாப்பு அதிகம் என்று நினைக்கிறீர்களா? புதிதாகப் பழக வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அது தவறு என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று தப்பிக்க ஒரு சின்னச் சந்துகூட இல்லை.

அந்த வருடம் அவர்களுக்குத் தலைத்தீபாவளி. கல்யாணத்தில் நாங்கள் செய்த சீர் போதவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ முணுமுணுத்தது அம்மாவின் காதுக்கு வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அப்படிப்பட்ட நினைப்பே கிடையாது. எதைக் கொடுத்தாலும் இரு கைகளாலும் வாங்கிக்கொள்கிறவர். ஆனால் நானும் அம்மாவும் ரோஷக்காரர்கள். குழுவின் இரவல் சாமான்களோடு இறங்குகிற அவருக்குச் சொந்தமாக ஒரு விங் வாங்கிக் கொடுத்து, எல்லோருடைய வாயையும் அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கொழும்புக்குப் போனேன். எத்தனை சிலிண்டர் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்று என்றேன். ஒடுங்கிய விங் ஒன்றை எடுத்து வைத்தார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது... நான் அதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பும் வரை!

அம்மா உடனே அழைத்தார்.

"என்னடா இது, நர்சரி புள்ளைங்க முதுகுல மாட்டிக்கிட்டுப் போற பை மாதிரி இருக்கு? அவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் வருவாங்க. மாப்பிள்ளைக்குக் குடுக்கிறத நெறைவா குடு."

அம்மாவுக்கு விங்கைப் பற்றி என்ன தெரியும்! தெரிந்தவன் நான். "இதுதான் அவருக்குப் பொருத்தம், அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. ஏனென்றால் பக்கத்தில் தொங்கிய அகலமான விங்கின் மேல் என் கண்ணும் ஏற்கெனவே போயிருந்தது. அதைப் பார்த்தால் அவர்கள் வீட்டார் முகம் எப்படி மாறும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது இரட்டைச் சிலிண்டருக்கு அல்லவா என்று கடைக்காரர் தயங்கினார். எனக்குத்தான், நான் இரட்டை கட்டுகிறவன் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

தீபாவளியன்று அதைத் தாம்பாளத்தில் வைத்தோம். வேட்டி, சட்டை, வெற்றிலை, வாழைப்பழம், நடுவில் விங். தட்டுக்கு அடங்காமல் இரண்டு பக்கமும் வழிந்து தொங்கியது. ஹுன்னஸ்கிரியவில் இருந்து வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மாவின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எனக்கும்தான்!

மாப்பிள்ளை மட்டும் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒற்றைச் சிலிண்டருக்கு இது கொஞ்சம் அகலம் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். சபையில் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, வாத்தியாருக்கே பாடமா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு கரையோர ஆழமில்லாத நீரில் அதை மாட்டிக்கொண்டு பழகினோம். பின்னால் போன நான் பார்த்தேன்... ஓரங்கள் மடிந்து எழுவதைக் கண்ணாரப் பார்த்தேன். மாற்ற வேண்டும் என்று அன்றே தெரியும். ஆனால் மாற்றச் சொன்னால், சபையில் வைத்துக் கொடுத்த சீர் தப்பு என்று ஆகிவிடுமே! அடுத்த முறை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த முறையும் தள்ளிப்போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்பதால், ஒன்றும் நடக்காது என்று நம்ப ஆரம்பித்தேன்.

நடந்தது நீர்த்தேக்கத்தின் தெல்தெனியப் பக்கத்தில். தோணி கவிழ்ந்து ஒரு மீனவர் காணாமல் போயிருந்தார். மழைக்குப் பிந்திய கலங்கல் நீர். மாப்பிள்ளையும் நானும் ஜோடியாக இறங்கினோம். நீர்த்தேக்கம் வருவதற்கு முன்பிருந்த கட்டடங்களின் சுவர்கள் இன்னும் அடியில் நிற்கின்றன. அப்படி ஒரு சுவரைத் தாண்டுவதற்காக இருவரும் சற்று உயர்ந்தோம். உயர உயரப் பைக்குள் இருக்கும் காற்று விரியும். அதை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். நான் வெளியேற்றினேன். அவருடைய கை கயிற்றுக்குப் போனதைப் பார்த்தேன். ஒரு முறை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

ஆம், பார்த்தேன்! இதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அடுத்த கணம் அவர் என் பக்கத்தில் இல்லை. பிடுங்கி எடுத்ததுபோல் மேலே போய்விட்டார். வேகமாக ஏறினால் காதும் நுரையீரலும் கிழியலாம் என்பதால், நான் விதிப்படி மெல்ல மெல்ல ஏறி வந்தேன். அப்படி ஏறிய நேரம் முழுவதும் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று அல்ல... நான் என்ன சொல்வது என்று!

கரையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். இடது காதில் இரத்தம். மீனவரின் உறவினர்கள், பொலிஸார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று பெருங்கூட்டம். குழுத்தலைவர் என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார்.

"எயா பய வுணா, சேர்" என்றேன்.

அவர் பயந்துவிட்டார் என்று அர்த்தம். அந்தப் "பய" இருக்கிறதே, அது இரண்டு மொழிக்காரருக்கும் ஒன்றுதான். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டு அவரைக் குனிந்து பார்த்தது. மீனவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். மறுநாள் வேறு ஆட்கள்தான் அவள் கணவனின் உடலை எடுத்தார்கள்.

சாமான்களைக் காயப்போட்டவன் நான். விங்கின் மடிப்பை விரித்தபோது, சிக்கியிருந்த காற்று புஸ்ஸென்று என் கையில் பட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கயித்த இழுத்தேன் மச்சான். காத்து போகல."

"இழுத்திருக்க மாட்டீங்க மாப்புள்ள. பதட்டத்துல இழுத்த மாதிரி தோணும். புதுசா வாறவங்களுக்கு நடக்கிறதுதான்."

அவர் என் கையை விட்டுவிட்டு, கயிறு இழுத்த தன் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். பிறகு, "அப்படித்தான் இருக்கும்" என்றார். ஒரு மனிதர் தன் சொந்தக் கையை நம்பாமல் என் வாயை நம்பினார். நான் வாத்தியார் அல்லவா!

இடது காது அதன்பின் கேட்கவில்லை. குழு அவரைக் கௌரவமாகக் கரையில் நிறுத்தியது. நானும் ஏதோ காரணம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை விட்டேன். தொழிற்சாலையில் அவரைத் தண்ணீர்ப் போத்தலைக் காட்டிக் கேலி செய்கிறார்களாம். அதையெல்லாம் அவர் தாங்கிக்கொள்வார். என்னால் தாங்க முடியாதது வேறு. மேற்பார்வையாளர் வேலை தேடி வந்தபோது, நாலு பேரை அதட்டத் தனக்கு நெஞ்சுரம் போதாது என்று வேண்டாமென்றுவிட்டார். அவருடைய மகளின் பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டியிருந்தபோது, "நான் பயந்த ஆளு மச்சான், நீங்க வந்து பேசுங்க" என்று என்னைக் கூட்டிப்போனார். நான் போனேன். பேசினேன். தைரியசாலி என்று பெயர் வாங்கினேன்!

ஒருமுறை ஏதோ சண்டையில் மாலதியே சொல்லிவிட்டாள், தண்ணிக்குப் பயந்த மனுசனுக்கு வாக்கப்பட்டேன் என்று. நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் சொல் என் தங்கையின் வாயிலிருந்து வந்தது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் அம்மா உடைந்துபோவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அம்மா காலமான பிறகு அந்தக் காரணமும் இல்லை. அப்போதும் சொல்லவில்லை.

போன மாதம் அவர் என்னைத் தேடி வந்தார். கையில் அந்த விங். குழுவில் தெல்தெனியப் பிள்ளை ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம்; சொந்தமாக ஒன்றும் இல்லையாம். அலுமாரியில் பழந்துணியில் சுற்றி வைத்திருந்ததை அவளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். நல்ல சாமான், மச்சான் தந்தது, சும்மா கிடக்கிறதே என்றார்.

அன்று வாய் திறக்க எல்லாம் கூடிவந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவருடைய நல்ல காது என் பக்கமாக இருந்தது. நான் திறக்கவில்லை. கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் போனதும் மரக்கறி வெட்டும் கத்தியால் அதைக் குத்திக் கிழித்தேன். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு நிமிடம் நிம்மதிகூட வந்தது. பாருங்கள் என் யோக்கியதையை! பிறகு அவரை அழைத்து, உங்கள் வீட்டில் இருக்கும்போதே எலி கடித்திருக்கிறது, எதற்கும் உதவாது என்றேன்.



"மன்னிச்சுக்கங்க மச்சான்" என்றார். "எங்க தலைத்தீபாவளிக்கு நீங்க ஆசையா குடுத்தது. நான் கவனமா வைக்கல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

"பரவாயில்ல மாப்புள்ள" என்றேன்.

மன்னித்துவிட்டேன்... நான், அவரை!